நிலத்தின் கொழுமையைத் தின்பது என்றால் என்ன?

ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் ஒரு கட்டத்தில் இந்தத் தொடரில் வந்து முட்டுவார்கள்: ‘லிவிங் ஓஃப் த ஃபற் ஒஃப் த லாண்ட்’. சொற்கள் எல்லாம் தெரிந்தவைதான். லிவிங் என்றால் வாழ்வது, ஃபற் என்றால் கொழுப்பு, லாண்ட் என்றால் காணி. மூன்றையும் ஒட்டிப் பார்த்தால் காணியின் கொழுப்பில் வாழ்வது என்று வருகிறது. அதில் ஒன்றும் பிடிபடாது. அகராதியைப் புரட்டினால், ‘பெரிதாகப் பாடுபடாமல், எல்லாவற்றிலும் நல்லதை அனுபவித்துக்கொண்டு வசதியாய் வாழ்தல்’ என்று ஒரு வரி கிடைக்கும்.

சாதாரண தரப் பரீட்சைக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதப் போனால் பெரும்பாலும் பிழைக்கும். ரியூசன் வகுப்புகளில் அடிக்கடி வருகிற வாக்கியம் ஒன்று உண்டு. கனடாவில் இருக்கிற மாமா மாதம் மாதம் காசு அனுப்புகிறார், ஆகவே ‘வீ லிவ் ஓஃப் த ஃபற் ஒஃப் த லாண்ட்’ என்று பிள்ளை எழுதிவிடும். இலக்கணம் சரி, தொடர்தான் பொருந்தவில்லை. அதைச் சொன்னால் பிள்ளை திருப்பிக் கேட்கும்:

“ரீச்சர், மாமாதானே காசு அனுப்புறார். நாங்கள் ஒருத்தரும் உழைக்கேல்லைத்தானே. பிறகேன் பிழை?”

“காசு எங்கயிருந்து வருது, பிள்ளை?”

“கனடாவிலயிருந்து.”

“அப்ப நீங்கள் இருக்கிற காணியிலயிருந்து ஒண்டும் வரேல்லையே.”

இந்தக் கேள்விதான் முக்கியம். உழைக்காமல் வசதியாய் இருப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு தொடர் அல்ல, ஒரு கூட்டமே இருக்கிறது. அகராதி எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே விளக்கத்தைத்தான் போடும். ஆனால் ஒவ்வொன்றும் அந்த வசதி எங்கேயிருந்து வந்தது என்பதைத் தனக்குள் வைத்திருக்கிறது. நிலத்திலிருந்து வந்ததா, பிறப்பால் வந்ததா, கலியாணத்தால் வந்ததா, வட்டியிலிருந்தா, அரசாங்கப் பணத்திலிருந்தா என்று பார்த்துத்தான் ஆங்கிலேயர் தொடரை எடுக்கிறார்கள். அந்த ஊற்றைப் பிடித்துக்கொண்டால் எந்த இடத்தில் எதைப் போடுவது என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் ‘ஃபற்’ என்கிற சொல்லையே எடுப்போம். ‘அவனுக்குக் கொழுப்பு’ என்று நம் ஊரில் சொன்னால் திமிர் என்று அர்த்தம். அதனால் காணியின் கொழுப்பு என்றதும் பிள்ளைகள் பலருக்கு இது யாரையோ திட்டுகிற தொடர் போலத் தோன்றிவிடுகிறது. இங்கே அந்தக் கொழுப்பை மறந்துவிட வேண்டும். ‘கொழுத்த இலாபம்’, ‘கொழுத்த சீதனம்’ என்கிறோமே, அந்தக் கொழுப்புத்தான் இது. நிறைவு, செழிப்பு, இருப்பதிலேயே நல்ல பகுதி.

இந்தப் பொருள் ஆங்கிலத்துக்கு வேதாகமத்திலிருந்து வந்தது. ஆதியாகமத்தில் யோசேப்பின் கதை இருக்கிறது. அண்ணன்மார் பொறாமையில் அவனை விற்றுவிடுகிறார்கள். அவன் எகிப்துக்குப் போய்ச் சிறையில் கிடந்து, கடைசியில் பார்வோனின் கனவுக்குப் பொருள் சொல்லி, நாட்டையே நிர்வகிக்கும் இடத்துக்கு உயர்கிறான். ஏழு ஆண்டு நல்ல விளைச்சல், அதன் பின் ஏழு ஆண்டு பஞ்சம் என்பதுதான் அந்தக் கனவின் பொருள். நல்ல ஆண்டுகளில் விளைந்ததில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக் களஞ்சியங்களில் சேர்த்து வைக்கிறார்கள். பஞ்சம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் போன நிலையில் அதே அண்ணன்மார் தானியம் தேடி எகிப்துக்கு வருகிறார்கள். யோசேப்பு தான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறான். செய்தி பார்வோனின் காதுக்குப் போகிறது. பார்வோன் மகிழ்ந்து, தகப்பனையும் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு வாருங்கள் என்கிறான். அந்த இடத்தில் வருகிற வரிதான் நமக்கு வேண்டியது. பரவலாக வாசிக்கப்படுகிற பழைய தமிழ் வேதாகமத்தில் அது ‘தேசத்தின் கொழுமையைச் சாப்பிடுவீர்கள்’ என்று இருக்கிறது. 1611 இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில வேதாகமத்தில் ‘யீ ஷல் ஈற் த ஃபற் ஒஃப் த லாண்ட்’. அந்த வேதாகமம் பல தலைமுறைகளாக வீட்டிலும் கோவிலிலும் வாசிக்கப்பட்டு, அதிலிருந்த பல தொடர்கள் அன்றாடப் பேச்சில் கலந்தன. இதுவும் அப்படிக் கலந்த ஒன்று.

கொழுப்பு எப்படிச் சிறந்த பகுதி ஆயிற்று? எபிரேய மூலத்தில் அங்கே இருப்பது, விலங்கின் கொழுப்பைக் குறிக்கிற அதே சொல். பலியிடும்போது கொழுப்பு முழுவதும் கர்த்தருடையது, யாரும் அதை உண்ணக்கூடாது என்று லேவியராகமம் சொல்கிறது. கடவுளுக்கு என்று ஒதுக்கி வைப்பது எதுவோ, அதுதானே உயர்ந்தது? அதனால் கோதுமையில் சிறந்ததற்கும், எண்ணெயில் சிறந்ததற்கும்கூட அந்த மொழியில் கொழுப்பு என்றே பெயர். தமிழில் சங்கீதம் 147 இல் ‘உச்சிதமான கோதுமை’ என்று வருகிற இடத்தில், மூலத்தில் இருப்பது கோதுமையின் கொழுப்பு. அங்கே உச்சிதம் என்று போட்ட தமிழ், யோசேப்பின் கதையில் கொழுமை என்று போட்டிருக்கிறது. இரண்டும் அழகாகப் பொருந்துகின்றன.

தமிழ் வேதாகமம் என்றதும் யாழ்ப்பாணத்தார் ஒரு விசயத்தை நினைத்துப் பெருமைப்படலாம். வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் யாழ்ப்பாணத்தில் இருந்து வேதாகமத்தைத் தமிழாக்கியபோது, அவருக்குத் தமிழ்ப் பண்டிதராகத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850 இல் சென்னையில் அச்சானது. சைவத்துக்காகவே வாழ்ந்த ஒருவர், தன் தமிழை இந்த வேலைக்கும் குறைவில்லாமல் கொடுத்திருக்கிறார்.

சரி, கதைக்கு வருவோம். பார்வோன் அழைத்தது, வந்து கால் நீட்டிப் படுத்திருக்கவா? இல்லை. யாக்கோபின் குடும்பம் ஆடு மாடு மேய்க்கிற குடும்பம். எகிப்திலும் அவர்கள் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குக் கோசேன் நாட்டில் நல்ல மேய்ச்சல் நிலம் கிடைக்கிறது. திறமையானவர்கள் இருந்தால் என்னுடைய மந்தைகளுக்கும் பொறுப்பாக வையுங்கள் என்று பார்வோன் சொல்கிறான். ஆக, தொடர் பிறந்த இடத்தில் ‘வேலை செய்யாமல்’ என்கிற பொருள் இல்லவே இல்லை. நல்ல நிலத்தின் நல்ல விளைச்சல் உங்களுக்குக் கிடைக்கும் என்பதுதான் வாக்கு. வேலையின்மை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அதே அழைப்பில் இன்னொன்றும் வருகிறது. வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களை விட்டுவிட்டு வருவதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம் என்கிறான் பார்வோன். 1995 ஒக்ரோபரில் போருக்குப் பயந்து, ஒரே இரவில் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தவர்களுக்கு அந்த வரியைச் சாதாரணமாகக் கடந்து போக முடியாது.

பழைய பொருள் இன்னும் செத்துவிடவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் 1937 இல் எழுதிய ‘ஒஃப் மைஸ் அண்ட் மென்’ என்கிற சிறு நாவலில், காணி பூமி இல்லாத இரண்டு பண்ணைக் கூலிகள் இதே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவர்கள் கனவு காண்பது சும்மா இருப்பதை அல்ல. சொந்தமாக ஒரு துண்டு நிலம், சின்ன வீடு, முயல் வளர்ப்பு, தாங்கள் விதைத்ததைத் தாங்களே அறுத்துத் தின்பது. ஊர் ஊராகப் போய் அடுத்தவன் தோட்டத்தில் மூட்டை தூக்குகிறவனுக்கு, தன் நிலத்து விளைச்சல் தன் வாய்க்கு வருவதே பெரிய சுகம்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்தத் தொடரைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு உறுத்தல் உண்டு. எங்கள் நிலத்துக்குத் தானாக அமைந்த கொழுமை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மழை பெய்தால்தான் ஓடும். அடியில் சுண்ணாம்புக்கல். மேலே வலிகாமத்துச் செம்மண். பார்க்க வடிவான மண், ஆனால் உக்கிய சத்து அதில் குறைவு. அப்படியிருந்தும் நீர்வேலியில் வாழையும், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கங்களில் வெங்காயமும் புகையிலையும் எப்படி விளைந்தன? சனம் அந்தக் கொழுமையைக் கையால் செய்து நிலத்துக்குள் போட்டது.

அதைக் கிட்ட நின்று பார்த்தால்தான் தெரியும். பூவரசங் குழையை வெட்டிக் கட்டாகக் கட்டிக் கொண்டுவருவார்கள். தோட்டத்தில் கான் கானாக வெட்டி, குழையை அதற்குள் போட்டு, மிதித்து, மண்ணைப் போட்டு மூடுவார்கள். இதற்குக் குழை தாழ்ப்பது என்று பெயர். குழை கிடைக்காவிட்டால் காய்ந்த பனையோலையைத் துண்டு துண்டாக வெட்டித் தாழ்ப்பார்கள். ஆடு மாடுகளை இராவில் தோட்டத்திலேயே கட்டி எரு விழச் செய்வார்கள். நெல் வெட்டின வயலில் சணல் விதைத்து, மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறபோது அப்படியே உழுது மண்ணுக்குள் புரட்டிவிடுவார்கள். தண்ணீருக்குக் கிணறு. இறைப்பு மிஷின் வருவதற்கு முன்னம் துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடித்து இறைக்க ஒருவர், வாய்க்கால் வழியே பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற ஒருவர் என்று விடியப்புறமே மூன்று பேர் நிற்க வேண்டும். இந்த மண்ணில் கொழுமை என்று எது இருந்தாலும், அதற்குப் பின்னால் ஒருவருடைய முதுகு வளைந்திருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொடரின் இன்றைய பொருளில் ‘பாடுபடாமல்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அது தின்கிறவரைப் பற்றியது மட்டும். அந்த நிலத்தில் யாருமே பாடுபடவில்லை என்று அர்த்தம் இல்லை. ஒருவர் பாடுபட, இன்னொருவர் நல்லதை எடுத்துக்கொள்கிற இடத்தில்தான் இது மிகச் சரியாகப் பொருந்துகிறது. யோசேப்பின் கதையையே கடைசிவரை வாசித்துப் பாருங்கள். பஞ்சம் முற்றியபோது எகிப்துச் சனம் முதலில் காசைக் கொடுத்துத் தானியம் வாங்குகிறது, பிறகு ஆடு மாடுகளைக் கொடுக்கிறது, கடைசியில் காணியையும் தங்களையுமே கொடுத்துவிடுகிறது. அதன் பின் விளைச்சலில் ஐந்தில் ஒன்று பார்வோனுக்கு என்று சட்டமாகிறது. கொழுமையைத் தின்ன விருந்தாளிகள் அழைக்கப்பட்ட அதே நாட்டில், அதை விளைவித்தவர்கள் காணி இழந்தார்கள்.

எங்கள் சரித்திரத்தில் ஒரு உதாரணம் எடுப்போம். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். இங்கிருந்து யானை விற்றார்கள், சாயவேர் தோண்டுவித்தார்கள், பனைமரம் தறித்து ஏற்றினார்கள். சனத்திடம் வரியும் வாங்கி, ஊழியம் என்று கூலியில்லா வேலையும் வாங்கினார்கள். கோட்டைக்குள் இருந்த பெரிய உத்தியோகத்தர்களைப் பற்றி, ‘த டச் ஒஃபிசர்ஸ் லிவ்ட் ஓஃப் த ஃபற் ஒஃப் த லாண்ட்’ என்று எழுதினால் ஒரு ஆங்கிலேயருக்கும் அது உறுத்தாது. நிலம் இருக்கிறது, நிலத்தின் நல்லது இருக்கிறது, வேர்வை சிந்தாமல் அதை எடுத்தவர்களும் இருக்கிறார்கள். கனடா மாமாவின் காசுக்கு இது ஏன் ஒத்துவரவில்லை என்பதும் இப்போது விளங்கும். அது நாம் இருக்கிற நிலத்தின் கொழுமை அல்ல. அங்கே ஒருவர் பகலில் ஒரு வேலை, இரவில் பெற்றோல் ஸ்ரேசனில் இன்னொரு வேலை என்று நின்று அனுப்புகிற காசு. அதற்கு ஆங்கிலத்தில் அலங்காரமில்லாத ஒரு தொடர் இருக்கிறது: ‘லிவிங் ஓன் றெமிற்றன்சஸ்’. அதைப் போட்டால் போதும்.

தமிழில் இதற்கு நேர் என்ன என்று கேட்பார்கள். கிட்ட வருகிறது, ‘நோகாமல் நுங்கு தின்கிறது’. வெயில் காலத்தில் நுங்கு வெட்டுகிற இடத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒருவர் காலில் தளைநாரைப் போட்டுக்கொண்டு, நெஞ்சு மரத்தில் உரச, அந்த உயரத்துக்கு ஏற வேண்டும். மட்டைக் கருக்குக் கையைக் கிழிக்காமல் உள்ளே நுழைந்து குலையை வெட்ட வேண்டும். நுங்கு சிதறாமல் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். கீழே இன்னொருவர் கத்தியால் தலையைச் சீவிக் கொடுப்பார். மூன்று கண்ணும் தெரியும். பெருவிரலை விட்டுக் கிண்டி உறிஞ்சுவது மட்டும்தான் தின்கிறவரின் வேலை. ஏறினவரின் நோவு சொல்லாமலே அதில் இருக்கிறது. அதனால்தான் தமிழில் இது எப்போதும் ஏச்சு. ஆங்கிலத் தொடர் அவ்வளவு கடுமையானது அல்ல. சில வேளை பொறாமை, சில வேளை வெறும் சந்தோசம். சொல்கிறவரின் குரலைப் பார்த்து எடுக்க வேண்டும். நல்ல மீனும் கனிந்த மாம்பழமும் தோட்டத்து மரக்கறியுமாய் விடுமுறையைக் கழித்தவர், ஊருக்குத் திரும்பி, ‘வீ லிவ்ட் ஓஃப் த ஃபற் ஒஃப் த லாண்ட்’ என்று தன்னைப் பற்றியே மகிழ்ச்சியாகச் சொல்லலாம். நோகாமல் நுங்கு தின்றேன் என்று யாரும் தன்னைப் பற்றிப் பெருமையாய்ச் சொல்வதில்லை.

இனி மற்றத் தொடர்கள். இவற்றைப் படிக்க எங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல வழி இருக்கிறது: தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில், 1706 அளவில் கிளாஸ் ஐசாக்ஸ் என்கிற அதிகாரி எழுதித் தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்கங்கள்தான் அது. இன்றும் சட்டமாக இருக்கிறது. ஒருவரிடம் எவ்வளவு சொத்து இருக்கிறது என்பதோடு தேசவழமை நின்றுவிடாது. அது எந்த வழியால் வந்தது என்று கேட்கும். பெற்றோர் வழி இறங்கி வந்தால் முதுசம். மகளுக்குக் கலியாணத்தில் கொடுத்தால் சீதனம். கலியாணத்தின் பின் கணவனும் மனைவியும் சேர்த்தது தேடிய தேட்டம். வந்த வழியை வைத்தே அதற்கு உரிமை யாருக்கு என்பதும் முடிவாகும். ஆங்கிலத் தொடர்களையும் அந்தக் கண்ணால் பார்த்தால் வேலை சுலபம்.

முதுசத்தில் வாழ்கிறவருக்கு ஆங்கிலம் சொல்வது ‘போர்ன் வித் எ சில்வர் ஸ்பூன் இன் ஹிஸ் மவுத்’. வாயில் வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவர். இங்கிலாந்தில் ஞானஸ்நானத்தின்போது ஞானப் பெற்றோர் பிள்ளைக்கு வெள்ளிக் கரண்டி பரிசளிக்கிற வழக்கம் இருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது கிடைக்கும். பரம்பரைச் சொத்து உள்ளவரைத்தான் இப்படிச் சொல்வார்கள். லொத்தர் விழுந்து பணக்காரரானவருக்கு இதைப் போடக்கூடாது. அவருக்கு ‘ஓன் ஈஸி ஸ்ரீற்’ பொருந்தும். இனிக் காசுக் கஷ்டம் இல்லை, பாதை சுகமாகிவிட்டது என்று பொருள். எப்படி வந்தது என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. கலியாணத்தால் வந்த வசதிக்கு ‘மரிட் இன்ற்று மணி’. சீதனம் பற்றி நாங்கள் பேசுகிற அளவுக்கு ஆங்கிலத் தொடர்கள் பேசுவதில்லை என்பதால் இதை இங்கேயே விட்டுவிடலாம்.

வட்டியில் வாழ்வதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு இது மிகவும் பழகின விசயம். பழைய ஒற்றி முறையை எடுங்கள். கடன் கொடுத்தவர் வட்டி வாங்க மாட்டார். பதிலுக்குக் காணியைத் தன் பொறுப்பில் எடுத்து, கடன் திரும்பி வரும்வரை அதன் விளைச்சலை அனுபவிப்பார். உண்மையாகவே அடுத்தவர் நிலத்தின் கொழுமையில் வாழ்வதற்குச் சட்டத்தில் எழுதப்பட்ட வழி இது. இன்று அந்த இடத்தில் வங்கியில் போடுகிற நிலையான வைப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘லிவிங் ஓஃப் த இன்ரறெஸ்ற்’ என்றால் முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் வாழ்வது. ‘லிவிங் ஓஃப் த கப்பிற்றல்’ என்றால் முதலையே எடுத்துத் தின்பது. இரண்டாவதற்கு எங்களிடம் அருமையான பழமொழி இருக்கிறது: குந்தித் தின்றால் குன்றும் மாளும்.

ஆனால் வட்டியை மட்டும் தின்றாலும் சில வேளை குன்று கரையும். ஒருவர் பத்து இலட்சத்தை ஆண்டுக்கு 10 சதவீத வட்டிக்குப் போட்டால் வருடம் ஒரு இலட்சம் வரும். முதல் அப்படியே இருக்கிறது என்று அவர் நினைப்பார். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஒரு வருடத்துக்கு முன்னம் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறி நின்றது. நூறு ரூபாய்க்கு வாங்கின சாமானுக்கு நூற்று எழுபது. வட்டிக் காசை நம்பி அரிசி, மா, மருந்து வாங்கின முதியவர்களுக்கு, புத்தகத்தில் ஒரு ரூபாயும் குறையாமலே முதல் சுருங்கிப் போயிற்று. பிறகு வட்டி வீதமும் ஏறியது உண்மைதான். பழைய வீதத்தில் கட்டி வைத்தவர்களுக்கு அதனால் உடனே பயன் வரவில்லை. அவர்களைப் பார்த்து ‘உழைக்காமல் வசதியாய் இருக்கிறார்கள்’ என்று எந்தத் தொடரையும் போட எனக்கு மனம் வராது.

பொதுப்பணத்தை உறிஞ்சுகிறவர்களுக்கு ‘ஓன் த கிறேவி ற்ரெயின்’. கிறேவி என்பது இறைச்சிக் குழம்பு; அமெரிக்கக் கொச்சையில் சுலபமாய் வருகிற காசு. ஒரு பதவியைப் பிடித்துக்கொண்டு, செய்யாத வேலைக்குப் படியும் வாகனமும் வெளிநாட்டுப் பயணமும் வாங்குகிற ஆட்களை இது காட்டும். இது முழுக்கக் கண்டனம். நோகாமல் நுங்கு தின்பதன் சூடு இதில்தான் இருக்கிறது. ஆகவே நுங்குத் தொடரை ஆங்கிலத்தில் சொல்ல நினைக்கிறவர்கள் பல இடங்களில் ‘ஃபற் ஒஃப் த லாண்ட்’ ஐ விட்டு இதை எடுப்பது நல்லது.

‘இன் குளோவர்’ என்று ஒன்று இருக்கிறது. குளோவர் மாட்டுக்கு மிகப் பிடித்த தீவனச் செடி. அது நிறைந்த புல்வெளியில் விடப்பட்ட மாட்டுக்கு வேறு குறை இல்லை. அதனால் செல்வமும் சுகமுமாய் இருப்பவரை இன் குளோவர் என்பார்கள். எங்கள் சணலைப் போலவே குளோவரும் அவரைக் குடும்பத்துச் செடி. காற்றில் உள்ள நைதரசனை வேர் முடிச்சுகளில் பிடித்து மண்ணுக்குச் சத்துச் சேர்க்கும். மாட்டையும் கொழுக்க வைக்கும், மண்ணையும் கொழுக்க வைக்கும். ‘த லைஃப் ஒஃப் றைலி’ என்பது பகிடியான தொடர். றைலி என்பவர் யார் என்பதில் அகராதிக்காரர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவி, பின்னர் வானொலி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் பெயராகவும் ஆனது. விடுமுறையில் வீட்டில் படுத்துக்கொண்டு அம்மாவின் கையால் சாப்பிடுகிற கம்பஸ் பிள்ளைக்குச் சரியாகப் பொருந்தும். கூட்டாளிகளுக்குள் சொல்லலாம், கடிதத்தில் எழுதுவதற்கு அல்ல.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. ‘ஓஃப்’ வருகிற இடத்தில் அதற்கு இரண்டு ‘எஃப்’. ஒரு ‘எஃப்’ போட்டால் அது வேறு சொல். ‘ஓஃப்’ க்குப் பதிலாக ‘ஓன்’ போட்டு எழுதுவதும் வழக்கில் இருக்கிறது, அதைப் பிழை என்று வெட்ட வேண்டாம். ‘லாண்ட்’ ஐ ‘லாண்ட்ஸ்’ என்று பன்மையாக்கக்கூடாது. ‘ஃபற்’ க்கு முன்னால் ‘த’ விடுபடவும் கூடாது. ‘ஈற் த ஃபற் ஒஃப் த லாண்ட்’ என்கிற வேதாகம வடிவம் இன்று பேச்சில் அருமை. கட்டுரையில் பயன்படுத்தினால் பழைய வாடை அடிக்கும், ஆனால் பிழை அல்ல.

அப்புறம், யாரிடம் சொல்கிறோம் என்பது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, ஓய்வூதியத்தில் வீட்டோடு இருக்கிற ஒரு பெரியப்பாவிடம், நல்ல எண்ணத்தோடுதான் என்றாலும், ‘யூ ஆர் லிவிங் ஓஃப் த ஃபற் ஒஃப் த லாண்ட்’ என்று சொல்லிவிடாதீர்கள். கேட்கிறவருக்கு, நீங்கள் சும்மா இருந்து சாப்பிடுகிறீர்கள் என்று விழும். அவர் சாப்பிடுவது தேடிய தேட்டம். அதற்கு ஆங்கிலத்தில் தனியாக, மரியாதையான ஒரு தொடர் இருக்கிறது: ‘எ வெல் ஏர்ண்ட் றெஸ்ற்’. ‘யூ ஆர் என்ஜோயிங் எ வெல் ஏர்ண்ட் றெஸ்ற், பெரியப்பா’ என்றால் அவருக்கும் விளங்கும், மனமும் குளிரும்.